பதினாயிரத்து எண்பது காரணிகள்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றுவது தமிழ் மரபு. ஆதலின், எழுத்தைக் கற்பிக்கும் தமிழாசிரியன் எண்ணைப்பற்றி எழுதப் புகுவதிற் பிழையில்லை. ஈரோட்டிற் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன் ஆராய்ந்த எண்ணொன்று தமிழர் யாவரும் அறியத்தக்கது. அஃது 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு கோடியே எண்பத்து மூன்று இலட்சத்து எண்பத்தெட்டாயிரத்து எண்ணூறு என்று அதனைப் படித்தல் வேண்டும்.

இதன் சிறப்பை உணர, முதலிற் சிறிய எண்ணொன்றை நோக்குவோம். மருதமுனை நெசவாளர் ஒருவர் தம்மிடமுள்ள 60 இழைகளைச் சமபங்குகளாகப் பிரிக்க விரும்புகிறார் எனக் கொள்வோம். அவற்றை 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30 என்னும் பங்குகளாக மிச்சமின்றிப் பிரிக்கலாம். ஒன்றையும் அறுபதையும் சேர்த்தால் 60இன் காரணிகள் பன்னிரண்டு. நூறு அதனிற் பெரிதாயினும் ஒன்பது காரணிகளையே உடையது. அறுபதிற் சிறிய எவ்வெண்ணுக்கும் பன்னிரண்டு காரணிகள் இல்லை. நாளொன்றை 60 நாழிகையாகவும் மணியொன்றை 60 நிமிடமாகவும் வகுத்தமை எத்துணை வசதி என்பது இதனாற் புலனாகும். இவ்வாறு, தன்னிற் சிறிய எண்கள் அனைத்தையும் காரணித் தொகையில் விஞ்சி நிற்பதை மிகுபகு எண் எனலாம்.

கணிதம் ஒழிந்த பாடங்களிலே தோல்வியுற்று, பட்டம் பெறாது கல்லூரியை நீங்கிய இராமானுஜன், 1914இல் கேம்பிரிட்ஜ் சென்றார். 1915இல் மிகுபகு எண்களைப்பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரையொன்றை வெளியிட்டார். அவ்வாய்வுக்காக 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டமளித்தது. அக்கட்டுரையின் அட்டவணையில் 102 எண்கள் உள. அவற்றுள் இறுதியானதே மேற்கூறிய எண்.

அதனைப் பகுத்து நோக்கின், ஆறு இரண்டுகளும், நான்கு மூன்றுகளும், இரண்டு ஐந்துகளும், இரண்டு ஏழுகளும், 11, 13, 17, 19, 23 என்பவற்றுள் ஒவ்வொன்றும் பெருகி அவ்வெண் ஆயினமை தெரியும். காரணியொன்றை ஆக்குகையில் இரண்டை எடாமலே விடலாம். அன்றி, ஒன்று முதல் ஆறு தடவை வரை எடுக்கலாம். ஆக, இரண்டுக்கு ஏழு வழிகள். அவ்வாறே மூன்றுக்கு ஐந்து வழிகள். ஐந்துக்கும் ஏழுக்கும் மும்மூன்று வழிகள். எஞ்சிய ஐந்து எண்களுக்கும் இவ்விரண்டு வழிகள். இவையனைத்தையும் பெருக்கக் கிடைப்பது 10080. இதுவே அவ்வெண்ணின் காரணித் தொகை.

இனி, 23ஐ மட்டும் நீக்குவோம். 293318625600 என்னும் எண் கிடைக்கும். அதன் காரணிகள் 5040. அதுவும் மிகுபகு எண்ணே. ஆயினும், இராமானுஜனது அட்டவணையில் அஃது விடுபட்டுப் போயிற்று! கணிப்பொறி தோன்றாத காலத்திற் கையாற் கணித்த அம்மேதையின் புகழ் இதனாற் குன்றாது. எனினும், பெரியோர் தந்த பட்டியலாயினும் சரிபார்த்தே கொள்ளல் வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. 5040 என்னும் தொகையை மேற்கூறிய முறையால் மாணவர் தாமே கண்டறியலாம். அதனிற் சிறிய எவ்வெண்ணும் அத்தொகையை எய்தாது என நிறுவுதலே அரிய பணி. அதில் ஈடுபட விழைவார்க்குத் தாளும் பென்சிலும் பொறுமையும் இருந்தாற் போதும்.