நாலு கம்பி, இரண்டே ஆட்டம்: தெரியுமா?

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் 1690-ல் வந்து கீழே உட்கார்ந்தார். கோட்டை அவர் கைக்கு வந்தது 1698-ல்! கோட்டையின் ராஜகிரிக் குன்றுப் பாறைகளைப் பார்த்தால், ஜீப் வைத்திருக்கும் யாருக்கும் ஓர் அரிப்பு எடுக்கும்: “இதுல வண்டிய ஏத்தினா என்ன?” ஏற்றாதீர்கள். தொல்லியல் துறை காக்கும் இடம் அது, 2025-ல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஆனால் பாறை ஏறும் வண்டியின் வித்தையைப் பார்க்க மலை ஏறவே வேண்டாம். கீழே வயலில் உழுதுகொண்டிருக்கிறது!

டிராக்டர் வரப்பு ஏறுவதைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? இடது முன்சக்கரம் வரப்பின் மேல், வலதுசக்கரம் சேற்றில். முன் ஆக்ஸில் தராசுக்கோல் போலச் சாய்ந்து கிடக்கிறது. மேலே பானெட்டோ அசையாமல் நேராக நிற்கிறது! ஆக்ஸிலின் நட்டநடுவில் ஒரே ஒரு பின், அதைச் சுற்றித்தான் அத்தனை ஆட்டமும். பின்சக்கரம் இரண்டு, முன்னால் அந்தப் பின் ஒன்று, ஆக மூன்று கால். முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது என்பது நம் பாட்டிமாருக்கே தெரியும்.

டிராக்டர் மெதுவாகப் போவதால் அந்த முன் ஆக்ஸிலுக்கு ஸ்பிரிங் இல்லாமலே சமாளித்துவிடுகிறது. ஜீப்புக்குச் சாய்வதோடு மேலும் கீழும் போகவும் வேண்டும். அங்கேதான் ஆக்ஸிலைக் கம்பிகளால் பிடித்துவைக்கும் லிங்க் சஸ்பென்ஷன் வருகிறது!

தெரியுமா? காற்றில் தொங்கும் ஓர் ஆக்ஸில் ஆறு விதமாக அசையலாம். முன்பின், இடம்வலம், மேல்கீழ் என்று மூன்று நகர்வு, அதே மூன்று திசைகளைச் சுற்றி மூன்று சுழற்சி. இரு முனையிலும் ஜாயிண்ட் உள்ள ஒரு கம்பி இந்த ஆறில் ஒன்றே ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். கீழ்க்கம்பி இரண்டைச் சேசிஸிலிருந்து ஆக்ஸிலுக்குப் போட்டால் முன்பின் ஓட்டமும் கோணிக்கொள்வதும் போச்சு. மேலே ஒரு கம்பி போட்டால் பிரேக் அடிக்கும்போது ஆக்ஸில் உருள்வது போச்சு. குறுக்கே ஒன்று போட்டால் இடம்வலம் போச்சு. ஆறில் நாலு போனால் மிச்சம் இரண்டு: மேல்கீழ், சாய்வு. நமக்கு வேண்டியதும் அந்த இரண்டுதான்! எனக்கு இந்தக் கழித்தல் கணக்கைவிட அழகான கணக்கு இயந்திரவியலில் தென்பட்டதில்லை.

மேலே ஏன் ஒரே கம்பி? இன்னொன்று போட்டால் மிச்சமிருக்கும் இரண்டிலும் கைவைத்துவிடும். அதற்கு இடமும் இல்லை. எஞ்சின், ஆயில் சம்ப், சைலன்சர் குழாய் எல்லாம் அங்கேதான் நெருக்கியடித்து நிற்கின்றன.

ஒற்றையாய் நிற்கும் அந்த மேல்கம்பி படும் பாடு தெரியுமா? ஆக்ஸிலில் கீழ்க்கம்பிகள் தரையிலிருந்து 38 செ.மீ. உயரத்திலும், மேல்கம்பி 58 செ.மீ. உயரத்திலும், எல்லாம் படுக்கைவாக்கில் இருப்பதாக வையுங்கள். பிரேக் போடும்போது சாலை டயரைப் பின்னால் தள்ளும் விசை 100 கிலோ என்றால், கீழ்க்கம்பிகள் இரண்டும் சேர்ந்து வாங்கும் அழுத்தம் 290 கிலோ! மேல்கம்பியின் இழுவை 190 கிலோ! மேல்கம்பியை 48 செ.மீ.க்கு இறக்கி இடைவெளியைப் பாதியாக்கினால் அந்த 190 அப்படியே 380! பிராக்கெட் ஏன் பிய்ந்தது என்று வெல்டரைத் திட்டுவதற்கு முன்னால் டேப்பை எடுத்து இந்த இடைவெளியை அளந்துவிடுவது நல்லது.

குறுக்குக்கம்பிக்குப் பான்ஹார்ட் ராடு என்று பெயர், பிரெஞ்சுக் கார் நிறுவனம் ஒன்றின் பெயர். ஒரு முனை சேசிஸில், மறுமுனை ஆக்ஸிலில். ஆகவே ஆக்ஸில் செங்குத்தாக ஏறாது, வட்டத்தின் வில்லில் ஏறும்! 90 செ.மீ. ராடு என்றால் 15 செ.மீ. ஏறுவதற்குள் ஆக்ஸில் பக்கவாட்டில் 13 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ராடை 60 செ.மீ. ஆக்கிப் பாருங்கள், 19 மில்லிமீட்டர்! ஸ்டியரிங்கின் டிராக் லிங்க்கும் இதே வில்லில் போகவேண்டும். இரண்டும் ஒரே நீளம், ஒரே சாய்வு. இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் நீங்கள் திருப்பாமலே வண்டி திரும்பும்.

இந்த வில்லை நேராக்கும் வித்தையும் உண்டு. ஜேம்ஸ் வாட் 1784-ல் தன் நீராவி எஞ்சினுக்காகக் காப்புரிமை வாங்கிய இணைப்பு அது! இன்று மஹிந்திரா ஸ்கார்பியோ-என், தார் ராக்ஸ் வண்டிகளின் பின் ஆக்ஸிலில் வேலை செய்கிறது. செஞ்சியிலிருந்து திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போனால் செங்கல்பட்டுப் பக்கம் வருமே மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம், அந்த நிறுவனத்தின் வண்டிகளுக்கான பொறியியல் வேலை நடக்கும் இடம் அது. முன்னால் மட்டும் தார் ராக்ஸுக்கு டபுள் விஷ்போன், அதாவது இரு சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும் அமைப்பு.

முன்னாலும் ஒரே தண்டாக ஆக்ஸில் வேண்டுமென்றால் மாருதி ஜிம்னி இருக்கிறது. இரண்டு ஆர்ம், ஒரு குறுக்கு ராடு. ஆனால் அந்த ஆர்ம்கள் ஆக்ஸிலை இரண்டிரண்டு புஷ்ஷால் கவ்விப் பிடித்திருக்கின்றன. ஆகவே ஆர்ம் சாய்ந்தால் ஆக்ஸிலும் கூடவே உருளும். 80 செ.மீ. ஆர்ம் உள்ள ஒரு வண்டியை 7 செ.மீ. உயர்த்தினால் சுமார் 5 பாகை போய்விடும்! எதில்? சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறதே, அந்தச் சாய்வில்தான். அதற்குக் காஸ்டர் என்று பெயர், கையை விட்டாலும் சக்கரம் நேராக ஓட அதுவும் உதவுகிறது. “லிஃப்ட் போட்டதிலிருந்து நெடுஞ்சாலையில் அலையுது” என்று வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நோய்.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆகவே சொந்தமாகக் கணக்குப் போட்டுக் கட்டிய முன் சஸ்பென்ஷன் போட்டி மைதானத்துக்குத்தான், திண்டிவனம் சாலைக்கு அல்ல.

கட்டும்போது முதலில் என்ன செய்வார்கள் தெரியுமா? ஸ்பிரிங் இரண்டையும் கழற்றி ஓரமாக வைத்துவிடுவார்கள்! பிராக்கெட்டுகளில் முழு வெல்டிங் கிடையாது, பொட்டு மட்டும். ஒரு சக்கரத்துக்கு அடியில் ஜாக்கியை வைத்து ஏற்றுவார்கள், மறுசக்கரம் தொங்கும். ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடிப்பார்கள். டார்ச்சோடு ஒருவர் அடியில் படுத்துக்கொண்டு, மேல்கம்பி சம்ப்பை உரசுகிறதா, டயர் கீழ்க்கம்பியைத் தின்கிறதா என்று பார்த்துக் குரல் கொடுப்பார். உரசினால் பொட்டை உடைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து!