குழாயில் பூத்த வெள்ளை உப்பு... கரைப்பது எப்படி?

வாங்கி மாட்டி ஆறு மாதம்கூட ஆகாத குழாய். பளபளவென்று இருந்தது, இப்போது கழுத்தைச் சுற்றி சுண்ணாம்பு அடித்த மாதிரி நிற்கிறது! ஷவரைத் திறந்தால் பாதித் துளைகளில் தண்ணீரே வருவதில்லை. வருகிற துளைகளும் சுவரைப் பார்த்துப் பீய்ச்சுகின்றன. பக்கெட்டின் உள்பக்கம் எல்லாம் சொரசொரப்பு.

"என்னதான் தேய்ச்சாலும் போகமாட்டேங்குதே!"

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் போர் தண்ணீரை நம்பியிருக்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது. கடைசியில் பொறுமை இழந்து ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி வந்து, கதவை மூடிக்கொண்டு பாத்ரூமில் ஊற்றுகிறார்கள். அங்கேதான் ஆபத்து ஆரம்பிக்கிறது. இந்த உப்புக் கறையால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. அதை எடுக்கிற அவசரத்தில்தான் கெடுதல்!

அது என்ன வெள்ளை?

மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த அமிலம் மண்ணிலும் பாறையிலும் உள்ள கால்சியம், மக்னீசியத்தைக் கரைத்துக்கொள்கிறது. இதுதான் கடின நீர். குழாயில் வந்து சூடானாலோ, துளியாக நின்று காய்ந்தாலோ கரியமில வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த கால்சியம் மறுபடி கல்லாகிவிடும். கிளிஞ்சலில் இருக்கிற அதே கால்சியம் கார்பனேட்தான்!

வேலூர் வெயிலைக் கேட்கவா வேண்டும்? துளி விழுந்த இடத்திலேயே காய்ந்து புள்ளியாகிவிடுகிறது. கீசருக்குள் இன்னும் வேகம்.

எல்லா உப்பும் ஒன்றல்ல

தோல் தொழில் நடக்கும் இந்தப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தோல் கெடாமலிருக்கச் சாதா உப்பு போடுகிறார்கள். முடியை நீக்கச் சுண்ணாம்பில் ஊறவைக்கிறார்கள். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்று 1996 ஆகஸ்ட் 28-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு குறிப்பிடுகிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. 'மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும்' என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்ற அந்தத் தீர்ப்பு முக்கியக் காரணம். பாலாற்று மாசு குறித்து 2025 ஜனவரி 30-ல் உச்ச நீதிமன்றம் மீண்டும் ஒரு தீர்ப்பு தந்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு இழப்பீடு தரவும் கண்காணிப்புக் குழு அமைக்கவும் உத்தரவிட்டது.

சமையலறைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? சாதா உப்பு கலந்த தண்ணீர் கரிக்கும்; குழாயை அரிக்கும். ஆனால், அது கல்லாகப் படியாது. கால்சியம் கலந்த தண்ணீர் கரிக்காமலே இருக்கலாம்; ஆனால், கல்லாகப் படியும். பல கிணறுகளில் இரண்டும் சேர்ந்தே இருக்கும். உங்கள் வீட்டுக் கறை எது என்று பார்க்க ஒரு சுலப சோதனை:

* சாதா தண்ணீர் பட்டதும் கரைந்தால்... சாதா உப்பு.
* தண்ணீருக்கு அசையாமல், ஒரு சொட்டு வினிகர் விட்டதும் பொங்கினால்... கால்சியம்.
* செங்காவி நிறத்தில் இருந்தால்... இரும்பு.
* குழாய் உலோகமே குழிவிழுந்து பச்சை பூத்திருந்தால்... அரிப்பு. அதை எதுவும் கரைக்காது. குழாயை மாற்ற வேண்டியதுதான்.

கரைக்கலாம் வாங்க!

கால்சியம் படிவைத் தேய்த்து எடுக்க முடியாது, கரைக்கத்தான் வேண்டும். மளிகைக் கடையில் கிடைக்கும் வெள்ளை வினிகர் போதும். அல்லது ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு மேஜைக்கரண்டி சிட்ரிக் ஆசிட் தூள் (எலுமிச்சை உப்பு) கலந்துகொள்ளலாம்.

குழாய்: பழைய துணியை வினிகரில் நனைத்து, படிவு உள்ள இடத்தில் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். போகவில்லையா? மறுபடி ஒருமுறை செய்யுங்கள். ராத்திரி முழுக்க ஊறவைத்தால் குரோமியம் பூச்சு மங்கிப்போகும்.

ஷவர்: கழற்ற முடியாவிட்டால் பாலிதீன் பையில் வினிகர் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்து, துளைகளை ஊசியால் குத்திவிட்டு தண்ணீரை வேகமாகத் திறந்துவிடுங்கள்.

குழாய் வாய்: தண்ணீர் மெல்லியதாக வருகிறதா? நுனியில் திருகியிருக்கும் வலையைக் கழற்றிப் பாருங்கள். அதில்தான் கல் சேர்ந்திருக்கும்.

பித்தளைக் குழாய்: பாட்டி வைத்தியம்தான்! புளிக்கரைசல் தடவி, சிறிது நேரத்தில் கழுவிவிடுங்கள்.

கீசர்: நீங்களாக எதையும் உள்ளே ஊற்றாதீர்கள். மின் இணைப்பைத் துண்டித்து, மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பாதுகாப்பு வால்வு உப்பில் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி வெடிக்கும் அபாயம் உண்டு. அதனால் வருஷத்துக்கு ஒருமுறையாவது அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

செய்யவே கூடாதவை

* ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேரக்கூடாது. சேர்ந்தால் குளோரின் வாயு வரும், நுரையீரலைப் பாதிக்கும். வினிகருக்கும் இதே எச்சரிக்கைதான்.
* ஆசிட்டை கூல்ட்ரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். தாகத்தில் குழந்தை எடுத்துக் குடித்துவிட்டால் உணவுக்குழாய் வெந்துவிடும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். கண்ணிலோ தோலிலோ பட்டால் ஓடும் தண்ணீரில் 20 நிமிஷம் கழுவுங்கள். பிறகு டாக்டரிடம் காட்டுங்கள்.
* மொசைக், மார்பிள் தரையில் வினிகரோ, எலுமிச்சையோ, ஆசிட்டோ வேண்டாம். அந்தக் கல்லிலும் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. கறையோடு தரையும் கரையும்!
* சமையல் சோடாவையும் வினிகரையும் கலக்காதீர்கள். நுரை பார்க்க அழகாக இருக்கும். ஆனால், ஒன்றின் சக்தியை இன்னொன்று தின்றுவிடும்.

வராமலே தடுக்க...

குளித்து முடித்ததும் குழாயை ஒரு உலர்ந்த துணியால் துடையுங்கள். செலவே இல்லாத வைத்தியம் இது. துளி நின்றால்தானே கல்! சொட்டுகிற வாஷரை உடனே மாற்றுங்கள். கீசரின் சூட்டை 50, 55 டிகிரியோடு நிறுத்துங்கள்.

சாஃப்ட்னர் என்ற கருவி, கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். குளிக்க, துவைக்க நல்லது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குடிக்க ஆர்.ஓ. வைத்திருக்கிறீர்களா? அது வெளியேற்றும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம். தரை கழுவலாம், குழாயைக் கழுவாதீர்கள். மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-லேயே கட்டாயமாகிவிட்டது. உங்கள் வீட்டுக் குழி தூர்ந்து கிடக்கிறதா என்று பார்த்து, மழைக்கு முன்னால் சுத்தம் செய்யுங்கள்.

உடம்புக்கு என்ன?

"இந்தத் தண்ணியைக் குடிச்சா கிட்னியில கல் வருமா?"

நிறையப் பேர் கேட்கும் கேள்வி. குழாயில் கல் படிவதும் சிறுநீரகத்தில் கல் வருவதும் வேறு வேறு. வெயில் காலத்தில் தண்ணீர் குறைவாகக் குடிப்பதுதான் முக்கியக் காரணங்களில் ஒன்று. தோல் வறட்சிக்கும் தண்ணீரை மட்டும் குறை சொல்ல முடியாது. பிரிட்டனில், கரப்பான் உள்ள 336 குழந்தைகளை வைத்து நடத்தி, 2011-ல் வெளியான ஆய்வில், சாஃப்ட்னர் பொருத்தியதால் கூடுதல் குணம் தெரியவில்லை.

ஆனால், குடிக்கிற தண்ணீரை ஒருமுறையாவது சோதித்துவிடுங்கள். நம் நாட்டுக் குடிநீர் தரப்படி ஒரு லிட்டரில் கடினத்தன்மை 200 மில்லி கிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை. கையடக்க டி.டி.எஸ். மீட்டர், கரைந்த உப்பு மொத்தம் எவ்வளவு என்று மட்டும்தான் காட்டும். எந்த உப்பு என்று சொல்லாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்தால் தனித்தனியாகத் தெரியும். தோல் தொழிற்சாலைகளுக்கு அருகில் வசிப்பவர்கள் குரோமியத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். அது குழாயில் வெள்ளையாகப் பூத்து எச்சரிக்காது. நாக்குக்கும் தெரியாமல் போகலாம்.

குழாயில் படிந்த கறைக்கு அரை மணி நேர வினிகர் போதும். குடத்துத் தண்ணீரில் என்ன இருக்கிறது என்பதற்கு, பரிசோதனைக் கூடத்துச் சீட்டுதான் பதில் சொல்லும்!