பனிக்கட்டியும் மின்சாரப் பஞ்சமும்

சென்னைத் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நிற்கும் ஐஸ் ஹவுஸ் கட்டிடத்தை அறியாத தமிழர் சிலரே. 1897-ம் வருஷம் பிப்ரவரி மாதம் சுவாமி விவேகானந்தர் தங்கியிருந்ததால் புனிதமடைந்து, இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்கும் அம்மாளிகை, ஆதியில் ஒரு கிடங்காகவே 1842-ல் எழுந்தது. பாஸ்டன் நகர வியாபாரியான பிரெடரிக் டியூடர் என்பவர், அமெரிக்க ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலேற்றி, இங்கிருந்த துரைமார்களுக்கு விற்று வந்தார். 1833-ல் டஸ்கனி என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நாலு மாதம் கடலில் கழித்துக் கல்கத்தா சேர்ந்தபோது சுமார் 100 டன்னே மிஞ்சியிருந்தது. இந்நாட்டிலேயே யந்திரத்தால் பனிக்கட்டி செய்யத் தொடங்கிய பின்னர் அவ்வியாபாரம் மடிந்தது.

இப்பழங்கதையை நாம் நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. பனிக்கட்டியைச் சேமித்து வைக்கும் அவசியம் இன்று வேறொரு ரூபத்தில் நம் முன் வந்து நிற்கிறது. 2024-ம் வருஷம் மே மாதம் 30-ந் தேதி இந்தியாவின் மின்சாரத் தேவை 25 கோடி கிலோவாட்டை எட்டியது. கோடையில் தேவை இவ்விதம் உயர்வதற்குக் குளிர்சாதனங்கள் ஒரு முக்கிய காரணம். வருஷத்தில் சில நாட்களுக்கும், அந்நாட்களில் சில மணி நேரத்துக்குமாக நாம் மின்சார நிலையங்களை நிறுவ வேண்டியிருக்கிறது. அச்செலவு பெரிய மாளிகைக்காரரை மட்டும் சேர்வதில்லை. மின்விசிறியைத் தவிர வேறறியாத ஏழைக் குடும்பத்தின் கட்டணத்திலும் அது வந்து விடிகிறது. இது நியாயமா என்று கேட்பது நமது கடமை.

இதற்கு ஓர் எளிய பரிகாரம் உண்டு. மின்சாரம் தாராளமாகக் கிடைக்கும் வேளையில் தண்ணீரைப் பனிக்கட்டியாக உறையவைத்து, தட்டுப்பாடான வேளையில் அதை உருக்கிக் கட்டிடத்தைக் குளிர்விப்பதே அது. கட்டிடத்தின் அடித்தளத்தில் தண்ணீர்த் தொட்டிகள் வைத்து, அவற்றினுள் குழாய்ச் சுருள்களைப் பொருத்துகிறார்கள். தண்ணீர் உறையும் நிலைக்குக் கீழே நாலைந்து டிகிரி வரை குளிர்ந்தும் தான் உறையாத கிளைகால் என்னும் திராவகக் கலவை, அச்சுருள்களில் ஓடித் தண்ணீரை உறையவைக்கிறது. பின்னர் அதே கலவை, கட்டிடத்தின் உஷ்ணத்தைச் சுமந்து வந்து பனிக்கட்டியிடம் ஒப்படைத்துக் குளிர்ந்து திரும்புகிறது.

குளிர்ந்த நீரையே சேமிக்கலாகாதா என்று சிலர் கேட்கலாம். ஒரு கிலோ நீரை 10 டிகிரி குளிர்வித்தால் சேமிப்பாவது 10 கிலோகலோரியே. ஒரு கிலோ பனிக்கட்டியோ உருகும்போதே 80 கிலோகலோரி உஷ்ணத்தை விழுங்குகிறது. ஆகவே தொட்டி மிகச் சிறியதாயிருந்தால் போதும். இன்றும் ஏ.ஸி. யந்திரங்களை டன் கணக்கில் அளப்பதே இப்பனிக்கட்டியின் நினைவுச்சின்னந்தான்: 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகித் தரும் குளிர்ச்சியே ஒரு டன்.

ஒரு கணக்குப் பார்ப்போம். பகலில் 10 மணி நேரம் 1,000 டன் குளிர்ச்சி வேண்டும் கட்டிடம் ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சேமிப்பில்லாவிடில் 1,000 டன் யந்திரம் வேண்டும். சேமிப்பிருந்தால், நாள் முழுதும் ஓடும் சுமார் 500 டன் யந்திரமே போதும். உறையவைக்கும்போது யந்திரத்தின் சக்தி மூன்றிலொரு பங்கு குறையுமென்று கழித்த பின்பும் இக்கணக்கு நிற்கும். அதற்கு ஓரிரவில் உறையவேண்டிய பனிக்கட்டி ஏறத்தாழ 190 டன். டஸ்கனி கப்பல் சுமந்த சரக்கை ஒரே கட்டிடம் ஒவ்வோரிரவும் தன் அடித்தளத்திலேயே செய்துகொள்ளலாம்! இது வெறும் கனவல்ல. நியூயார்க்கில் பாங்க் ஆப் அமெரிக்கா கோபுரத்தின் அடித்தளத்தில் இத்தகைய தொட்டிகள் 44 இருக்கின்றன.

குறைகளை மறைப்பது நமது நோக்கமல்ல. பனிக்கட்டி செய்ய யந்திரம் மிகக் குறைந்த உஷ்ணநிலையில் வேலை செய்யவேண்டியிருப்பதால், அதே குளிர்ச்சிக்கு அதிக மின்சாரம் செலவாகும். குளிர்ந்த இரவுகளுள்ள தேசங்களில் இந்நஷ்டம் பெரிதும் ஈடாகிறது. புழுக்கமான சென்னை இரவில் அவ்வளவு ஈடாகாது. ஆகவே இதன் லாபம் மின்சாரத்தின் அளவில் இல்லை, அது செலவாகும் வேளையிலேயே இருக்கிறது. வேளைக்கேற்ப விலை வித்தியாசப்பட்டாலன்றி எந்த முதலாளியும் தொட்டி வைக்கமாட்டான்.

மத்திய சர்க்கார் 2023-ல் திருத்திய விதிகள் இதற்கு வழி திறந்திருக்கின்றன. சூரிய சக்தி மிகுந்த 8 மணி நேரத்தில் கட்டணம் 10 முதல் 20 சதவீதம் வரை குறைவாகவும், உச்ச வேளையில் 10 முதல் 20 சதவீதம் வரை அதிகமாகவும் இருக்கவேண்டுமென்பது அவ்விதி. இரவு மின்சாரமே மலிவு என்ற பழைய எண்ணம் இதனால் மாறுகிறது. மாலையில் ஜனக்கூட்டம் சேரும் சினிமாக் கொட்டகைகளும் வாணிக மாளிகைகளும், நடுப்பகல் வெயிலின் மின்சாரத்தைக் கொண்டே பனிக்கட்டி உறையவைத்து, விளக்கேற்றும் வேளையில் உருக்கலாம்.

மின்கலங்களும் இதைச் செய்யும் என்பர். செய்யும், ஆனால் அவற்றுக்கு வேண்டும் லித்தியம் கலங்களில் பெரும்பகுதி அந்நிய நாட்டிலிருந்து வருகிறது. பனிக்கட்டித் தொட்டிக்கு வேண்டியவை தண்ணீர், எஃகு, பிளாஸ்டிக் குழாய் ஆகியவையே. அடைத்த தண்ணீரும் செலவழிவதில்லை. நம் தொழிற்சாலைகளால் இவற்றைச் செய்யமுடியாதென்று எவரும் சொல்லத் துணியார்.

ஆகவே நாம் கேட்பது இரண்டே. மாநிலந்தோறுமுள்ள மின்சார ஒழுங்குமுறைக் கமிஷன்கள், வேளைக் கட்டண வித்தியாசத்தைத் தொட்டியின் செலவை ஈடுசெய்யுமளவு உண்மையாக்க வேண்டும். சர்க்கார் கட்டும் ஆஸ்பத்திரி, நியாயஸ்தலம், காரியாலயம் ஒவ்வொன்றிலும், குளிர்சாதனத்துக்கு டெண்டர் கேட்குமுன் பனிக்கட்டிச் சேமிப்பின் கணக்கைப் போட்டுப் பார்த்து, அக்கணக்கை ஜனங்கள் முன் வைக்க வேண்டும். கப்பலில் வந்து இறங்கிய குளிர்ச்சிக்குக் காத்திருந்த காலம் போயிற்று. நம் வெயிலைக் கொண்டே நம் குளிர்ச்சியைச் செய்துகொள்ளும் காலம் வந்திருக்கிறது. அதைக் கைநழுவ விடலாகாது.