மந்திர வாள் என்ன விலை?

டிராகனைக் கொன்றாயிற்று. அதன் குகையில் குவிந்து கிடந்த தங்கக் காசுகளைச் சாக்கில் அள்ளிக்கொண்டு நான்கு பேரும் ஊர் திரும்புகிறார்கள். சத்திரத்தில் குளித்து, சாப்பிட்டு முடித்ததும் ஒருவர் கேட்கிறார்: “இந்த ஊரில் மந்திர வாள் எங்கே விற்கும்?” மேசைக்கு மறுபுறம் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்க்கத் தொடங்கும் நேரம் அது.

அவர் பெயர் டஞ்சன் மாஸ்டர். ஆட்டத்தின் பெயர் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உருவாக்கி, 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வெளியான ஆட்டம். கட்டமும் காயும் இல்லாமலேயே ஆடலாம். மாஸ்டர் ஓர் உலகத்தைச் சொல்லிக்கொண்டே போவார்; மற்றவர்கள் அதில் ஆளுக்கொரு பாத்திரமாக நுழைந்து, என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள். பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும்.

‘கூட்டல் ஒன்று’ வாள் என்றால், வெட்டும்போது விழுகிற எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இருபதில் ஒன்று, அதாவது ஐந்து சதவீதம். கேட்க அற்பமாக இருக்கும். ஆட்டம் முழுக்க ஒவ்வொரு வெட்டிலும் கூடவே வரும். இதைக் காசுக்கு வாங்கலாம் என்றால், காசு வைத்திருப்பவனே பலசாலி. வாங்கவே முடியாது என்றால், சாக்கில் கிடக்கும் தங்கத்தை என்ன செய்வது?

கைகாக்ஸ் 1979இல் எழுதிய மாஸ்டர் கையேட்டில் மந்திரப் பொருள்களுக்கு விலை போட்டிருந்தார். ஆனால் அது விற்றால் கிடைக்கும் விலை. தங்கத்துக்கு வேறு வேலை வைத்திருந்தார். ஒரு நிலை மேலேற வேண்டுமென்றால் பயிற்சிக்குக் கூலி கொடுக்க வேண்டும்: வாரத்துக்கு, நிலை ஒன்றுக்கு 1,500 காசு. சாக்கு தானாகக் காலியாகிவிடும்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு கடையை அகலத் திறந்தது. கூட்டல் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி 2,000ஆல் பெருக்கினால் ஆயுதத்தில் ஏறிய மந்திரத்தின் விலை: கூட்டல் ஒன்றுக்கு 2,000, இரண்டுக்கு 8,000, ஐந்துக்கு 50,000. ஊருக்கும் வரம்பு உண்டு. சிறு குக்கிராமத்தில் 40 காசுக்கு மேல் விலையுள்ள பொருள் கிடைக்காது. மாநகரத்தில் 1,00,000 வரை கிடைக்கும். கணக்குப்பிள்ளை எழுதியது போல் அத்தனை சுத்தம். கோளாறும் அங்கேதான். காயம் ஆற்றும் மருந்துக் குப்பி ஒன்று 50 காசு. அதே வேலையை ஐம்பது முறை செய்யும் மந்திரக்கோல் 750 காசு, அதாவது முறைக்கு 15 காசு. கணக்குத் தெரிந்த எந்தக் குழு குப்பி வாங்கும்? தெய்வ அருளால் ஆற வேண்டிய புண், மருந்துக்கடையில் அட்டையோடு வாங்கும் மாத்திரையில் ஆறத் தொடங்கியது.

சூடு கண்ட ஐந்தாம் பதிப்பு, 2014இல், கடையை ஏறக்குறைய இழுத்து மூடியது. விலைக்குப் பதில் அரிதின் தரம் வந்தது. ‘அரிய’ பொருள் என்றால் 501 முதல் 5,000 வரை. இது விலையா, குத்துமதிப்பா? ‘அவ்வளவு சாதாரணமல்ல’ என்ற கீழ்த் தரத்தில் இருக்கும் சிறகுச் செருப்பைப் போட்டால் பறக்கலாம். அந்தத் தரத்துக்கு உச்ச விலை 500 காசு. மந்திரம் சிறிதும் இல்லாத முழு இரும்புக் கவசமோ 1,500. 2024 பதிப்பு இந்த இழுபறியைக் குறைத்து, தரத்துக்கு ஒரே விலை என்று வைத்தது: அதே கீழ்த் தரத்துக்கு 400, அரியதற்கு 4,000, மிக அரியதற்கு 40,000.

என் ஓட்டு இவை எதற்கும் இல்லை. 2017இல் வந்த ‘சனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங்’ நூலில் உள்ள முறைக்குத்தான். அதில் கடையே கிடையாது. விற்பவரைத் தேடி ஒரு வாரம் அலைய வேண்டும், 100 காசு செலவழிக்க வேண்டும், பிறகு பேச்சுத் திறமைக்குப் பகடை உருட்ட வேண்டும். கூடுதலாக ஒரு வாரமோ 100 காசோ போட்டால் எண்ணில் ஒன்று கூடும். பத்துக்கு மேல் கூடாது. எண் பெரிதானால் நல்ல சரக்கு கண்ணில் படும். கேட்டதே கிடைக்கும் என்று உறுதியில்லை. வாரத்துக்குப் பத்து சதவீதம் சிக்கலும் உண்டு: பொருள் போலியாக இருக்கலாம், விற்பவர் கொலையாகலாம், பழைய சொந்தக்காரர் கத்தியோடு வரலாம், இன்னொருவர் ஏலம் கேட்டு விலையை இரட்டிப்பாக்கலாம். கத்தரிக்காய் வாங்குவது போல் முடிந்திருக்க வேண்டிய வேலை, அன்று மாலை முழுக்க ஆடும் கதையாகிவிடுகிறது. தங்கமும் கரைகிறது.

இதற்காக எல்லாவற்றுக்கும் அலைய விட வேண்டாம். 50 காசு மருந்துக் குப்பியை எந்த ஊர்க் கடையிலும் வையுங்கள். அதற்குப் போய்ப் பகடை உருட்டினால் ஆடுபவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆனால் யாராவது வாள் எங்கே விற்கும் என்று கேட்டால், உடனே விலைப்பட்டியலைப் புரட்டாதீர்கள். “தேடுவதற்கு எத்தனை வாரம் ஒதுக்குவாய்?” என்று கேளுங்கள்.