சொந்தத் தீவில் அரிதான பூ: மடெய்ரா ஜெரேனியத்தை வளர்ப்பதும் பெருக்குவதும்

ஐரோப்பிய நகரங்களில் வைகாசி பிறந்ததும் தொடர்மாடிக் குடியிருப்புகளின் மாடங்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும் செடியை எம்மவர் அனைவரும் அறிவர். கடைகளில் அது 'ஜெரேனியம்' என்ற பெயரிலேயே விற்கப்படுகின்றது. ஆனால் தாவரவியலார் கணக்கில் அது ஜெரேனியம் அன்று; தென்னாபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பெலர்கோனியம். 1753ஆம் ஆண்டில் லினேயஸ் இவ்விரண்டையும் ஒரே பேரினத்துள் அடக்கியிருந்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளரான லெரித்தியே பெலர்கோனியத்தைத் தனியாகப் பிரித்தார். விஞ்ஞானம் பிரித்ததை வழக்கு இன்றுவரை ஏற்கவில்லை.

இங்கு நாம் அறிமுகஞ் செய்வது உண்மையான ஜெரேனியங்களுள் மிகப் பெரியதும் அரியதுமான ஒன்றை. அத்திலாந்திக் சமுத்திரத்தில், ஆபிரிக்கக் கரையிலிருந்து அறுநூறு கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள மடெய்ராத் தீவில் மாத்திரமே இயற்கையாகத் தோன்றிய செடி அது. 'ஜெரேனியம் மடெரென்சே' என்பது அதன் தாவரவியற் பெயர். பிறந்த தீவின் காட்டில் அதைத் தேடித்தான் காணவேண்டும். பிற நாட்டுத் தோட்டங்களிலோ அது செழித்து நிற்கின்றது. இந்த முரணுக்கான காரணத்தையும், எமது வீடுகளில் அதை வளர்க்கும் முறையையும் அறிந்துகொள்வது பயனுடையது.

பெயரும் உறவும்

கிரேக்க மொழியில் 'கெரானொஸ்' என்றால் கொக்கு. பூ உதிர்ந்தபின் உருவாகும் காய் கொக்கின் அலகுபோல நீண்டு நிற்பதால் ஜெரேனியம் என்ற பெயர் வந்தது. பெலர்கோனியம் என்ற பெயரோ நாரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது. ஜேர்மன் மொழியிலோ உண்மையான ஜெரேனியத்துக்கே 'நாரை அலகு' என்று பொருள்படும் ஸ்ரோர்க்ஷ்னாபெல் என்ற பெயர் வழங்குகின்றது. மாடத்துப் பெலர்கோனியத்தை அவர்கள் 'கெரானியென்' என்பர். எனவே ஜேர்மன் பேசும் நாடுகளில் உள்ள வாசகர்கள் கடையில் விசாரிக்கும்போது தாவரவியற் பெயரையே எழுதிக் காட்டுவது நலம்.

இச்செடியின் உறவினர் ஒன்றை ஐரோப்பாவில் வாழும் எவரும் கண்டிருப்பர். மதிலோரங்களிலும் வேலியடிகளிலும் தானாக முளைத்து, சிறிய இளஞ்சிவப்புப் பூக்களுடன், கசக்கினால் கடுமணம் வீசும் ரொபேட் பூண்டே அது. அந்தச் சிறு பூண்டும் மனிதனின் மார்பளவு உயரக்கூடிய மடெய்ராச் செடியும் ஜெரேனியத்தின் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை.

பிறந்த இடம்

மடெய்ரா போர்த்துக்கல் நாட்டுக்குரியது. 'மடெய்ரா' என்ற சொல்லின் பொருளே மரம் என்பதாகும். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் அங்கு குடியேறியபோது தீவு அடர்ந்த காடாக இருந்தது. கரும்புச் செய்கைக்காகவும், பாகு காய்ச்சும் விறகுக்காகவும் காடு அழிக்கப்பட்டது. ஈர முகில்கள் தங்கும் வடபுறத்து மலைச்சரிவுகளில் எஞ்சிய லோறல் காடு ஏறத்தாழ 15,000 ஹெக்டேயர் பரப்புடையது. அதனை 1999இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்தது.

அந்த ஈரமும் நிழலும் பாறை இடுக்குகளுமே எமது செடியின் வீடு. ஆயினும் காட்டில் அது காணப்படும் இடங்கள் மிகச் சிலவே. நெடுங்காலமாக அதே தீவைச் சேர்ந்த 'ஜெரேனியம் பல்மாற்றம்' என்ற மற்றொரு செடியுடன் இது ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரப் பூங்காவில் பணியாற்றிய பீற்றர் யோ என்னும் அறிஞர் 1969ஆம் ஆண்டிலேயே இதனைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டார். பெயரில்லாத ஒன்றைப் பாதுகாப்பது கடினம். ஆகவே அப்பெயரீடு ஒரு வகையில் அதன் பாதுகாப்புக்கும் தொடக்கமாயிற்று எனலாம்.

இன்று அக்காட்டை வேறு இடர்களும் சூழ்ந்துள்ளன. இமாலயத்தைத் தாயகமாகக் கொண்ட இஞ்சிக் குடும்பப் பூச்செடி ஒன்று, அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, காட்டின் நிலத்தில் அடர்ந்து படர்கின்றது. 2016இலும் 2024இலும் ஓகஸ்ட் மாதங்களில் தீவில் பெருந்தீ மூண்டது.

ஒருமுறை பூத்து முடியும் செடி

மாடத்துப் பெலர்கோனியத்தில் விரல் நீளத் தண்டை ஒடித்து மண்ணில் ஊன்றினால் வேர் விடும். எம்மவர் பலர் ஒரு கன்றிலிருந்து பத்துக் கன்றுகளை இவ்வாறே உண்டாக்குகின்றனர். மடெய்ரா ஜெரேனியத்துக்கு அந்த முறை பொருந்தாது. குறுகிய தடித்த தண்டின் உச்சியில் ஒரே ஒரு இலைக்கொத்தாக அது வளர்கின்றது. ஒடித்து நடக் கிளை கிடையாது, பிரித்து நட அடிக்கன்றும் பெரும்பாலும் கிடையாது.

இரண்டு அல்லது மூன்று ஆண்டுகள் இலையை மட்டும் பெருக்கிக்கொண்டிருக்கும் செடி, பின்னர் ஒரு வசந்தத்தில் நடுவிலிருந்து பெரும் பூங்கொத்தை எழுப்புகின்றது. செவ்வூதா மயிர்கள் போர்த்த காம்புகளில், நடுவே கருஞ்சிவப்புக் கண்ணுடைய இளஞ்சிவப்புப் பூக்கள் நூற்றுக்கணக்கில் வாரக்கணக்காக மலர்கின்றன. அத்துடன் அதன் வாழ்வு முடிகின்றது. எங்கள் தாளிப்பனையும் அப்படித்தான். வாழையும் ஒருமுறையே குலை தள்ளும். ஆனால் அது குட்டி விட்டுச் செல்கின்றது. மடெய்ராச் செடி பெரும்பாலும் விட்டுச் செல்வது விதையை மட்டுமே. ஆகவே விதையைத் தவறவிட்டவர் செடியையே தவறவிட்டவராவார்.

விதைத்தல்

நம்பகமான விதை வணிகரிடமிருந்து விதை பெறலாம். பல்மாற்றம் இனத்தின் விதை மாறி வருவதும் உண்டு. பல்மாற்றத்துக்குத் தண்டு ஏறக்குறைய இல்லை. மடெரென்சேக்கு வளர வளரத் தடித்த தண்டு உருவாகும். இதைக்கொண்டு இரண்டையும் வேறுபடுத்தி அறியலாம்.

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை விதைப்பது வசதியானது. நாற்றுமண்ணுடன் மூன்றில் ஒரு பங்கு பருமணல் கலந்து சிறு சாடிகளில் இட்டு, சாடிக்கு ஒரு விதையாக ஊன்றி, விதை மறையுமளவு மண்ணால் மூடுக. 15 முதல் 20 பாகை செல்சியஸ் வெப்பம் போதும். மண் ஈரமாக இருக்கவேண்டும், ஊறிக் கிடக்கலாகாது. இரண்டு முதல் நான்கு வாரங்களில் முளைக்கத் தொடங்கும். எல்லாம் ஒன்றாக முளைக்கா. பிந்தியவற்றை அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம்.

வேர்கள் சாடியின் அடியை எட்டியதும் ஒரு படி பெரிய சாடிக்கு மாற்றுக. வேரைக் கலைக்காமல் மண்ணோடு மாற்றுவது முக்கியம். இறுதியில் 30 சென்ரிமீற்றர் அகலமுள்ள சாடியாவது தேவைப்படும். சிறிய சாடியில் விட்டால் செடி இறப்பதில்லை. ஆனால் குறுகி நின்று, பூப்பதையும் தள்ளிப்போடும். காலை வெயிலும் நண்பகல் நிழலும் கிடைக்கும் இடம் அதற்கு உகந்தது. வளரும் மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நீர்த்த திரவப் பசளை இடலாம். அசுவினி தளிரைத் தாக்கினால் நீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுக.

காய்ந்த காம்பை வெட்டலாகாது

இச்செடியை வளர்ப்போர் அறியவேண்டிய தலையாய செய்தி இதுதான். அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் வாடத் தொடங்கும்போது அவற்றின் நீண்ட காம்புகள் கீழ்நோக்கி வளைந்து நிலத்தில் ஊன்றிக்கொள்கின்றன. இலை உதிர்ந்தபின்பும் காம்பு விறைத்து நிற்கும். பார்ப்பதற்குச் சருகு, உண்மையில் அது உதைகால். ஆலுக்கு விழுதுகள் எப்படியோ, இச்செடிக்குக் காய்ந்த காம்புகள் அப்படி. மேலே கனத்த இலைக்கொத்தும் பூங்கொத்தும் சுமக்கும் குறுந்தண்டு, பாறைச்சரிவின் காற்றில் சாயாமல் நிற்பது இவற்றாலேயே.

வீட்டைத் துப்புரவாக வைத்திருக்க விரும்புவோர் இக்காம்புகளை அழகற்றவை எனக் கருதி வெட்டிவிடுவர். அவ்வாறு வெட்டினால், பூக்கும் பருவத்தில் செடி அடியோடு சாயக்கூடும். இலைத்தகடு முற்றாகக் காய்ந்தால் அதை மாத்திரம் கிள்ளி எடுத்து, காம்பை விட்டுவிடுக. சாடியில் வளர்ப்போர், காம்புகள் ஊன்றுவதற்கு விளிம்புவரை மண் நிரப்பியிருத்தல் நன்று.

குளிர்காலம்

கடுங்குளிரை அறியாத தீவின் செடி இது. இலேசான உறைபனியைச் சிறிது நேரம் தாங்கினாலும், மத்திய ஐரோப்பா, ஸ்கண்டிநேவியா, கனடா ஆகிய இடங்களின் மாரியில் வெளியில் விட்டால் மடியும். ஒக்ரோபரில் உள்ளே கொண்டுவருக. ஆனால் வெப்பமூட்டியின் அருகில் வைக்கலாகாது. வறண்ட சூட்டில் தண்டு நலிந்து நீளும். 5 முதல் 12 பாகை வரையுள்ள வெளிச்சமான இடம் வேண்டும்: கண்ணாடியிட்ட மாடம், சூடேற்றாத படிக்கட்டின் யன்னலோரம் போன்றவை. நீரைக் குறைத்து, மேல்மண் காய்ந்தபின்பே ஊற்றுக. இலைக்கொத்தின் நடுவில் நீர் தங்கினால் அழுகும்.

விதை சேகரித்தல்

கொக்கலகுக் காய் பச்சையிலிருந்து கபில நிறமாகும்போது விழிப்பாயிருக்க வேண்டும். காய்ந்த அலகு விசைபோல இறுகிப் பின் திடீரெனத் தெறித்து, விதைகளை அவற்றின் உறையுடன் தொலைவில் எறிந்துவிடும். ஆகையால் காய் நிறம் மாறத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையையோ கடதாசிப் பையையோ கொத்தின்மேல் தளர்வாகக் கட்டிவிடுக. சேர்ந்த விதைகளை நிழலில் உலர்த்தி, கடதாசி உறையில் இட்டு, ஆண்டைக் குறித்து, குளிரான உலர்ந்த இடத்தில் வைக்கலாம்.

முதல் விதைப்போடு நின்றுவிடாது ஆண்டுதோறும் இரண்டு மூன்று விதைகளை ஊன்றி வருவோரிடமே பூ அறாது தொடரும். ஒரு செடி மடியும்போது அடுத்தது தயாராக நிற்கவேண்டும். வதிவிட அனுமதிக்குக் காத்திருப்போருக்கு, இன்றைய முகவரி அடுத்த ஆண்டு மாறிவிடுமோ என்ற ஐயம் இருக்கலாம். பெரிய சாடியைச் சுமந்து செல்ல இயலாவிட்டாலும், ஒரு கடித உறை விதையைச் சட்டைப்பையில் கொண்டுபோகலாம். வளர்ந்த செடியை அயலவரிடம் ஒப்படைத்துச் செல்லலாம். எனினும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயுள்ள பெரும்பாலான நாடுகளிலிருந்து விதைகளை அதனுள் அனுப்ப, 2019 டிசம்பர் தொடக்கம் தாவர சுகாதாரச் சான்றிதழ் வேண்டும். பிரித்தானியாவிலுள்ள உறவினர் தபாலில் அனுப்புமுன் இதைக் கவனிக்க வேண்டும்.

வளர்ப்பவர் பொறுப்பு

மடெய்ராவுக்குச் செல்வோர் காட்டிலிருந்து கன்றையோ காயையோ எடுத்துவரக் கூடாது. சில இடங்களில் மட்டும் எஞ்சியிருப்பதில் ஒரு பிடி குறைவதும் பேரிழப்பே. மறுபுறம், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள சிலித் தீவுகளில் இச்செடி தோட்டங்களிலிருந்து தப்பிக் காட்டுச் செடியாகவே பரவியுள்ளது. ஆதலால் பனி குறைந்த கரையோரங்களில் வாழ்வோர் காய்ந்த கொத்துக்களை வெளியில் வீசலாகாது. மடெய்ராக் காட்டுக்கு இமாலயப் பூவால் நேர்ந்தது, மடெய்ராப் பூவால் இன்னொரு மண்ணுக்கு நேரவேண்டியதில்லை.

தோட்டங்களில் இச்செடி எத்தனை ஆயிரம் நின்றாலும், முகில் தங்கும் அந்தப் பாறைச்சரிவில் அது தானாக முளைத்து நிற்பதற்கு ஈடாகாது. எமது சாடிகள் அதற்குப் புகலிடம், தாயகமாகிவிட மாட்டா. ஆயினும் புகலிடத்தில் விதை பேணப்படும்வரை ஓரினம் முற்றாக அற்றுப்போகாது. விதையை ஆண்டுதோறும் ஊன்றுவதும், காய்ந்த காம்பை வெட்டாது விடுவதும் அதற்கு நாம் செய்யக்கூடிய சிறு பணிகள். வரும் பெப்ரவரியில் ஒரு சாடியிலேனும் வாசகர்கள் தொடங்கிப் பார்க்கலாம்.