கன்று வீச்சு நோயைக் கண்டறியும் ஒளிச் சோதனை

கறவை மாடு ஏழாம் மாதச் சினையில் கன்றை வீசிவிட்டால் உழவருக்கு ஏற்படும் இழப்பு ஒரு கன்றோடு நிற்பதில்லை. அந்த ஈற்றுக்குரிய பால் குறைகிறது. நஞ்சுக்கொடி விழாமல் தங்கிவிடுகிறது. மாடு மறுபடி சினை பிடிக்கவும் தாமதமாகிறது. கண்ணேறு என்றும் வெயிற்சூடு என்றும் எண்ணி மாட்டைச் சந்தையில் விற்றுவிடுவோர் உண்டு. கருச்சிதைவுக்குக் காரணம் புருசெல்லா என்னும் நுண்ணுயிராக இருந்தால், விற்பவரின் தொழுவத்தில் இருந்த நோய் வாங்குபவரின் தொழுவத்திற்கும் போய்ச் சேரும். எனவே கன்று வீசிய மாட்டை உடனே சோதித்து அறிதல் இன்றியமையாதது.

நோயின் தன்மை

1887ஆம் ஆண்டில் மால்டா தீவில் டேவிட் புரூஸ் என்ற மருத்துவர் இவ்வகை நுண்ணுயிரை முதலில் மனிதரிடம் கண்டார். மாடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் வகையை 1897இல் டென்மார்க்கைச் சேர்ந்த பாங் கண்டறிந்தார். வீசிய கன்று, நஞ்சுக்கொடி, கருப்பைக் கழிவு, பால் ஆகியவற்றின் வழியே இந்நோய் பரவுகிறது. பெரும்பாலும் சினையின் ஐந்தாம் மாதத்திற்குப் பின்னரே கரு சிதைகிறது. பொலிகாளைகளுக்கு விரை வீக்கம் ஏற்படலாம். காய்ச்சாத பாலைக் குடிப்பதாலும், வீசிய கன்றை வெறுங்கையால் தொடுவதாலும் மனிதருக்கும் இந்நோய் தொற்றும். விட்டு விட்டு வரும் காய்ச்சலும் மூட்டுவலியும் மாதக்கணக்கில் வருத்தும்.

ஒளி எவ்வாறு உதவுகிறது?

நோயுற்ற மாட்டின் இரத்தத்தில் இந்த நுண்ணுயிருக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உண்டாகிறது. அதைக் கண்டறிவதே சோதனையின் நோக்கம். வழக்கிலுள்ள ரோஸ் பெங்கால் சோதனையில், சாயமேற்றிய நுண்ணுயிர்க் கலவையுடன் ஊநீரைக் கலந்து, திரள்கிறதா எனக் கண்ணால் பார்க்கிறார்கள். எளிய, மலிவான முறைதான். ஆனால் திரட்சி மங்கலாக இருந்தால் முடிவு பார்ப்பவரைப் பொறுத்து மாறும். எலைசா சோதனை துல்லியமானது. எனினும் அதில் பலமுறை கழுவ வேண்டியிருப்பதால் நேரம் பிடிக்கும்.

தளவிளைவு உடனொளிர்வுச் சோதனையில் கழுவும் வேலையே இல்லை. புருசெல்லாவின் மேலுறையில் உள்ள சர்க்கரைச் சங்கிலியைப் பிரித்து, அதன்மீது ஃபுளோரசீன் என்னும் ஒளிச்சாயத்தை ஏற்றுகிறார்கள். நீல ஒளி பட்டால் இச்சாயம் பச்சை ஒளியை உமிழும். ஒளியை வாங்குவதற்கும் உமிழ்வதற்கும் இடையே உள்ள நேரம், ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ நான்கு பங்கு மட்டுமே.

கருவி ஒரே தளத்தில் அதிரும் ஒளியைப் பாய்ச்சுகிறது. சாயமேற்றிய சங்கிலி சிறியதாகையால் அந்த நொடிக்குள் வேகமாகச் சுழன்று விடுகிறது. அதனால் உமிழப்படும் ஒளி பல தளங்களிலும் சிதறுகிறது. ஊநீரில் எதிர்ப்புப் பொருள் இருந்தால் அது சங்கிலியைப் பற்றிக்கொள்கிறது. துள்ளித் திரியும் கன்றின் கழுத்தில் கட்டையைக் கட்டினால் ஓட்டம் அடங்குவது போல, பளு கூடிய சங்கிலியின் சுழற்சி தளர்கிறது. அப்போது வெளிவரும் ஒளி பெரிதும் பழைய தளத்திலேயே இருக்கும். இந்த வேறுபாட்டைக் கருவி எண்ணாகக் காட்டுகிறது. எண் உயர்ந்தால் எதிர்ப்புப் பொருள் இருக்கிறது என்று பொருள்.

இதன் அடிப்படைக் கொள்கையைப் பிரான்சு நாட்டின் பெர்ரின் 1926இல் விளக்கினார். மாடுகளின் புருசெல்லா சோதனைக்கு இம்முறையைக் கனடாவில் நீல்சன் குழுவினர் உருவாக்கி 1996இல் வெளியிட்டனர். ஊநீரை நூறு மடங்கு நீர்க்கச் செய்து முதலில் ஒருமுறை அளக்கிறார்கள். பின்னர் சாயச் சங்கிலியைச் சேர்த்து, சில நிமிடங்களில் மறுபடி அளக்கிறார்கள். அவ்வளவே சோதனை. பாலிலும் இதைச் செய்யலாம்.

குறைகளும் உண்டு

இதற்குத் தனிக் கருவி தேவை. ஆகவே நம் நாட்டில் ரோஸ் பெங்கால், எலைசா முறைகளே பரவலாக உள்ளன. நோய் தொற்றிய புதிதில் எதிர்ப்புப் பொருள் உண்டாகியிராது. அந்நிலையில் எந்த ஊநீர்ச் சோதனையும் நோயைக் காட்டாது. ஆகையால் ஒருமுறை நோய் இல்லை என்று வந்தாலும், சில வாரங்கள் கழித்து மறுசோதனை செய்வது நல்லது. தடுப்பூசியாலும் எதிர்ப்புப் பொருள் உண்டாகும். இதனால் வரும் குழப்பம் ஒளிச் சோதனையில் குறைவு என்றாலும், தடுப்பூசி போட்ட தேதியை ஆய்வகத்திற்குத் தெரிவிப்பது அவசியம்.

உழவர்கள் செய்ய வேண்டியவை

* கன்று வீசிய மாட்டைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவருக்குத் தகவல் தர வேண்டும். இரத்த மாதிரியுடன் காதுவில்லை எண், கன்று வீசிய தேதி, தடுப்பூசி விவரம் ஆகியவற்றையும் கொடுக்க வேண்டும். மாதிரியைக் குலுக்காமல் குளிர்ச்சியில் வைத்து அனுப்ப வேண்டும்.

* வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் கையுறை அணிந்து எடுத்து, ஆழக் குழியில் சுண்ணாம்பிட்டுப் புதைக்க வேண்டும். நாய் இழுத்துச் செல்ல விடக்கூடாது.

* 4 முதல் 8 மாத வயதுள்ள கிடாரிக் கன்றுகளுக்கு மருத்துவர் வழியே தடுப்பூசி போட வேண்டும். 2019இல் தொடங்கிய தேசியக் கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இதுவும் அடங்கும். காளைக் கன்றுகளுக்கும் சினை மாடுகளுக்கும் இதைப் போடக்கூடாது.

* பாலை நன்கு காய்ச்சிய பின்னரே குடிக்க வேண்டும்.

* புதிதாக வாங்கும் மாட்டைச் சோதித்து, முடிவு தெரியும்வரை தனியே கட்ட வேண்டும்.

மாடு கன்று வீசியதை மறைத்து விற்பது அண்டை வீட்டாருக்கும் கேடு. சோதனைக்காகக் காத்திருக்கும் சில நாட்கள், ஒரு மந்தையையும் ஒரு குடும்பத்தின் உடல்நலத்தையும் காக்கும்.