கை வறண்டால் ஆங்கிலேயர் என்ன சொல்வார்கள்?

மாதம் இருபத்தைந்து தேதி ஆகிவிட்டது. “புடவைக் கடைக்குப் போய் வரலாமா?” என்று கேட்கிறீர்கள். “இந்த மாசம் கொஞ்சம் டைட்!” என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். ‘பணம் இல்லை’ என்று சொல்லக் கூச்சம். ஓர் ஆங்கில வார்த்தை வந்து மானத்தைக் காப்பாற்றி விடுகிறது.

சரி, அந்த ஆங்கிலேயர் கையில் காசில்லாதபோது என்ன சொல்வார்கள்? கூச்சம் அவர்களுக்கும் உண்டு. ஆகவே, பணத்துக்குப் பஞ்சம் வந்தாலும் வார்த்தைக்குப் பஞ்சம் வருவதில்லை!

‘ஆன் மை அப்பர்ஸ்’ என்பார் ஒருவர். பூட்ஸின் அடித்தோல் தேய்ந்து போய், மேல்தோல் மட்டும் மிஞ்சியிருக்கிறதாம். ‘ஹார்ட் அப்’ என்பது மாலுமிகள் கொடுத்த வார்த்தை. கப்பலின் சுக்கானை முடிந்த மட்டும் திருப்பியாகிவிட்டது. இனித் திருப்ப வழியில்லை. ‘மாதா கோயில் எலியைப் போல் ஏழை’ என்றும் சொல்வார்கள். கோயிலில் சமையல் உள் ஏது? எலிக்கு என்ன கிடைக்கும், பாவம்!

‘ஸ்கின்ட்’ என்றால் தோலை உரித்து விட்டார்கள் என்று அர்த்தம். எதுகை மோனையாகப் பேசுவதில் லண்டன் கிழக்குப் பகுதி ஜனங்களுக்கு ஓர் ஆசை. புண்ணுக்கு வைக்கும் ‘போராசிக் லின்ட்’ என்ற மருந்துத் துணியை இதற்கு ஜோடி சேர்த்தார்கள். அப்புறம் லின்ட்டையும் விட்டுவிட்டு, ‘நான் பிராசிக்’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பக்கத்துத் தெருக்காரருக்குப் புரிந்தால்தானே!

எல்லாவற்றிலும் என் மனத்தைத் தொட்டது ‘அங்கிள்’. அடகுக் கடைக்காரருக்கு அங்கே அந்தப் பெயர். பிரான்ஸில் அடகுக் கடையே ‘என் அத்தை’! அந்தக் காலத்தில் ஆங்கிலத் தொழிலாளியின் மனைவி, திங்கட்கிழமை காலையில் கணவனின் ஒரே நல்ல ஸூட்டை மூட்டை கட்டி ‘மாமா’விடம் கொடுப்பாள். சனிக்கிழமை கூலி வந்ததும் மீட்டு வருவாள். ஞாயிறன்று அவன் கௌரவமாக உடுத்திக்கொள்ள வேண்டுமே!

இந்த வேடிக்கைக்குப் பின்னால் இருக்கும் வேதனையை அறிந்தவர் சார்லஸ் டிக்கன்ஸ். 1824-ல் அவருடைய தகப்பனார், ரொட்டிக் கடைக்காரருக்குத் தர வேண்டிய 40 பவுண்டு சொச்சத்துக்காக மார்ஷல்ஸீ சிறைக்குப் போனார். வீட்டுச் சாமான்களை அடகுக் கடைக்குச் சுமந்தவன் சிறுவன் சார்லஸ். பன்னிரண்டு வயதில் பூட்ஸ் பாலிஷ் தொழிற்சாலையில் வேலை. பிற்பாடு, தகப்பனாரை மனத்தில் வைத்தே மிகாபர் என்ற கடன்காரரை ‘டேவிட் காப்பர்ஃபீல்ட்’ நாவலில் படைத்து உலகத்தைச் சிரிக்க வைத்தார். ஆனால் தாம் பட்ட பாட்டைப் பெற்ற பிள்ளைகளிடம்கூடச் சொல்லவில்லை! 1870-ல் அவர் காலமான பிறகு, நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் விஷயம் வெளிவந்தது.

ஊராரிடம் ‘டைட்’ என்று சொல்லிச் சமாளிக்கலாம், தப்பில்லை. வீட்டுக்குள் எதற்கு அந்தத் திரை? இன்றிரவு சாப்பாடு ஆனதும் கணக்கு நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு இருவரும் பேசிப் பாருங்கள். புடவை அடுத்த மாதம் வந்தால் போகிறது. மனப்பாரம் இன்றைக்கே இறங்கிவிடும்!